நிலப் பயன்பாட்டைக் கற்க எந்தக் கணினி மாதிரி? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமோ, கல்லூரியின் புவியியல் துறையோ, ஒரே குளத்தை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகளின் சங்கமோ, நிலத்தை அடுத்த தலைமுறைக்கும் கெடாமல் பயன்படுத்துவது எப்படி என்பதைக் கணினி மாதிரியின் துணையோடு கற்க முன்வந்தால், முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த வகை மாதிரியை எடுத்துக்கொள்வது என்பதுதான். எக்செல் போன்ற விரிதாளில் நாமே எழுதும் கணக்கு ஒரு வகை. செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் கொண்டு இயங்குவது இன்னொன்று. நிலத்துக்குரியவர்கள் தனித்தனியே எடுக்கும் முடிவுகள் ஒன்றுகூடி என்ன ஆகின்றன என்று காட்டும் முகவர் மாதிரி மூன்றாவது. ஆய்வாளர்கள் கையாளும் பெரிய நீரியல், பயிரியல் மாதிரிகள் நான்காவது. இவற்றில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைப்பதால் செலவு பெரிய தடையாக இல்லை. கற்பவர் அந்த மாதிரியைத் திறந்து அதன் விதிகளை மாற்ற முடியுமா, அது காட்டும் நிலம் நம் மாவட்டத்து நிலத்தோடு பொருந்துகிறதா என்ற இரு கேள்விகளையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன். அந்த அளவுகோலின்படி, காகிதத்தில் ஆடும் விளையாட்டோடு சேர்ந்த எளிய முகவர் மாதிரியே குமரி மாவட்டத்தில் முதலிடம் பெறத் தக்கது என்பது என் முடிவு.

மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு 1,100 பேருக்கும் மேல் வாழும் இந்த நிலத்தில் பேச்சு ஏக்கரில் நடப்பது குறைவு, சென்டில்தான் நடக்கிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் மேட்டு நிலங்களில் ரப்பரும், வீட்டைச் சுற்றிய விளைகளில் தென்னை, பலா, நல்லமிளகு, மரச்சீனி (மரவள்ளி) எல்லாமும் கலந்து நிற்கின்றன. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர் சானல் வழியாகக் குளங்களுக்கு வந்து, அங்கிருந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் மாவட்டம் என்பதால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைவது இங்கு மரபு.

அந்த நெல் வயல் குறைந்துவரும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் மாதிரித் தேர்வு தெளிவாகும். ஓர் ஏலாவின், அதாவது தொடர்ச்சியான நெல்வயல் பரப்பின், நடுவே ஒருவர் தம் பத்து சென்ட் வயலில் மண்ணடித்து வீடு கட்டுகிறார். அந்த இடத்தில் வாய்க்கால் குறுகுகிறது அல்லது அடைபடுகிறது. மேலே இருக்கும் வயலில் நீர் வடிவதில்லை. கீழே இருக்கும் வயலுக்கு நீர் எட்டுவதில்லை. அறுவடை இயந்திரம் உள்ளே போக வழி இல்லாமல் போகிறது. சுற்றிலும் நெல் குறைந்துவிட்டதால் எலியும் பறவையும் எஞ்சியிருக்கும் வயலிலேயே குவிகின்றன. நெல் வைத்தவர் வாழைக்கு மாறுகிறார். சில ஆண்டுகளில் வாழை தென்னையாகிறது. பிறகு கல் நட்டு மனையாகிறது. இதில் எந்த ஒருவரையும் குறை சொல்ல வழியில்லை; அவரவர் நிலையில் அவரவர் முடிவு நியாயமானதே. ஆயினும் எல்லோரும் சேர்ந்து வந்தடைந்த முடிவை அவர்களில் ஒருவருமே விரும்பியிருக்கமாட்டார்கள். பக்கத்துக் கேரளம் 2008-இல் நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. இந்தச் சங்கிலியைக் கற்பவருக்கு எந்த மாதிரி காட்டும் என்பதே என் ஒப்பீட்டின் மையம்.

விரிதாளின் வலிமையை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதை அலட்சியம் செய்வோர் பலர். பத்து ஏக்கர் பரப்பும் சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே குளம் நிறைந்தால் சுமார் 60,700 கன மீட்டர் நீர். நாளொன்றுக்கு நாலரை மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று கொண்டால், 120 நாள் பயிர்க் காலத்தில் ஏறத்தாழ 21,900 கன மீட்டர் காற்றில் போய்விடும். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் நீர் தேவை, அதில் பாதியை மழை தருகிறது என்று வைத்தால், குளம் ஏக்கருக்கு 2,428 கன மீட்டர் கொடுக்க வேண்டும். மிஞ்சிய நீரை இதனால் வகுத்தால் விடை 16 ஏக்கர். கசிவையும் சேர்த்தால் இன்னும் குறையும். பத்து ஏக்கர் குளம் பதினாறு ஏக்கர் வயலுக்கு மட்டுமா என்று மாணவர் திகைப்பர். அந்தத் திகைப்புதான் பாடம். குளம் ஒருமுறை நிறைந்து ஓய்வதில்லை. மழையும் மேல் குளத்தின் மறுகாலில் வழியும் உபரிநீரும் சானலும் அதை மீண்டும் மீண்டும் நிறைக்கின்றன, ஆகவே ஒரு குளத்தின் கணக்கை மற்றக் குளங்களிலிருந்தும் 48 அடி வரை நீர் தேக்கும் பேச்சிப்பாறை அணையிலிருந்தும் பிரித்து எழுத முடியாது என்ற உண்மையை எந்தப் பாடநூலையும்விட இந்த எளிய வகுத்தல் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறது. அதே தாளில் ஆழத்தை முப்பது சென்டிமீட்டர் குறைத்துப் பார்த்தால், அதாவது அவ்வளவு வண்டல் படிந்தால், ஒரு நிறைப்புக்கு ஐந்து ஏக்கர் வயலின் நீர் போய்விடுவது தெரியும். தூர்வாருதல் ஏன் தேவை என்று அதன்பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரப்பர், நெல் வருமான ஒப்பீட்டுக்கும் விரிதாளே போதும். நட்டு ஏறத்தாழ ஏழு ஆண்டு கழித்தே பால் வெட்டத் தொடங்க முடியும். அதன்பின் இருபது ஆண்டுக்கும் மேல் வருமானம். முதல் சில ஆண்டுகளில் வாழையோ அன்னாசியோ ஊடுபயிர். இவற்றை ஆண்டுவாரியாக எழுதி விலையை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஆனால் சராசரியை மட்டும் வைத்து எழுதினால் 2017 நவம்பர் 30 அந்தக் கணக்கில் வராது. ஒக்கிப் புயல் ஒரே நாளில் ரப்பரையும் வாழையையும் சாய்த்துப் போட்டதை அனுபவித்த மாவட்டத்தில், ஆண்டுதோறும் புயல் வாய்ப்பைக் குலுக்கல் முறையில் சேர்க்காத மரப்பயிர்க் கணக்கை யாரும் நம்பக் கூடாது. விரிதாளில் அதையும் சேர்க்கலாம். சேர்க்க முடியாதது பக்கத்து வயல்தான். அண்டை வயல் என்ன ஆனது என்பது என் வயலின் கணக்கை மாற்றும் என்ற உறவை அடுக்கடுக்கான கலங்களில் எழுதப் புகுந்தால் தாள் சிக்கலாகி, எழுதியவருக்கே புரியாமல் போகும்.

வரைபட மாதிரிகள் பார்வைக்குக் கவர்ச்சியானவை; ஆகவே நிதி கிடைத்தவுடன் பெரும்பாலானோர் மனம் அவற்றின் பக்கமே போகிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும், இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ள நிலப் பயன்பாட்டு வரைபடங்களும், 1972 முதல் தொடரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும், 2015-இல் தொடங்கிய சென்டினல்-2 படங்களும் இருக்கையில் ஒரு கல்லூரித் துறைக்கு மூலப்பொருள் பஞ்சமில்லை. ஆயினும் இங்கே ஓர் எளிய பெருக்கலைச் செய்து பார்க்க வேண்டும். லேண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர்; நம் கணக்கில் அது 22 சென்ட். நம் ஊரில் 22 சென்டுக்குள் ஒரு வீடு, கிணறு, பத்துத் தென்னை, ஒரு பலா, ஒரு வாழைக் கூட்டம் எல்லாம் அடங்கிவிடும். செயற்கைக்கோளுக்கு அது ஒரே பச்சை. சென்டினலின் கட்டம் 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். அது எவ்வளவோ மேல். அப்படியும் மரத்தடியில் என்ன நடக்கிறது என்பது மேலிருந்து தெரிவதில்லை.

பருவமும் இடர் செய்கிறது. இரு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் மேகம் இல்லாத படங்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் கிடைக்கின்றன. கும்பப்பூ அறுவடை நடந்து முடியும் காலமும் அதுவே. அறுத்த வயலையும் தரிசையும் பிரித்தறியாத ஒரு மாணவர், இருபோகம் விளையும் நிலத்தைக் கைவிடப்பட்ட நிலம் என்று வகைப்படுத்திவிட நேரும். மறுபுறம், ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்ப்பதும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான் என்பதால், பசுமைமாறாக் காட்டிலிருந்து ரப்பரைப் பிரித்தறிய அந்தப் படங்களே உதவும். மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1 படங்களில் நீர் கட்டிய வயல் தெரியும். ஆனால் அவற்றைக் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும்.

வரைபட மாதிரிகளில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்கை மூலதனத் திட்டம் உருவாக்கிய இன்வெஸ்ட் பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் கார்பன் கணக்கு, நிலவகை ஒவ்வொன்றுக்கும் மரத்தில், வேரில், மண்ணில், உதிர்ந்த சருகில் எவ்வளவு கார்பன் என்று ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டுவது. இதை மட்டும் வகுப்பில் ஓட்டினால், நெல் வயலை ரப்பராக்குவது நன்மை என்றே திரை சொல்லும். மரத்தில் கார்பன் அதிகம், கணக்கு பிழையன்று. ஆனால் ஓர் ஏக்கர் வயலின் வரப்புக்குள் பத்து சென்டிமீட்டர் மழைநீர் நின்றால் அது நான்கு லட்சம் லிட்டர் என்பதும், அந்த நீர் மெல்ல இறங்கித்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறுகிறது என்பதும் அந்த அட்டவணையில் இல்லை. எதை எண்ணாமல் விட்டோம் என்று கேட்கும் பழக்கம் இல்லாத வகுப்பில் இந்தக் கருவி தவறான நம்பிக்கையை விதைக்கும் என்று நான் உண்மையிலேயே அஞ்சுகிறேன்.

கடந்த இரு வரைபடங்களை ஒப்பிட்டு இன்னும் இருபது ஆண்டில் நிலம் எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டும் கணிப்பு மாதிரிகளைப் பற்றியும் எனக்கு இதே தயக்கம் உண்டு. அவை நேற்றைய போக்கை நாளைக்கு நீட்டுபவை. ஒரு நான்குவழிச் சாலை வந்தால், ரப்பர் விலை சரிந்தால் அந்தப் போக்கே முறியும். திரையில் சிவப்பாகிப்போன தம் ஊரைப் பார்த்த மாணவர், இது நடந்தே தீரும் என்று எண்ணிவிட்டால், கற்பித்ததன் நோக்கமே கெட்டுவிடும்.

ஒரு கேள்விக்கு மட்டும் வரைபட மாதிரிக்கு நிகர் வேறில்லை. அது சரிவு நிலத்தின் மண்ணரிப்பு. அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் இருவரும் வகுத்த மண் இழப்புச் சமன்பாடு மழையின் அரிக்கும் திறன், மண்ணின் தன்மை, சரிவின் நீளமும் சாய்வும், மேல்போர்வை, காப்பு வேலை ஆகியவற்றைப் பெருக்கி ஆண்டு இழப்பைத் தருகிறது. பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் ஆண்டில் ரப்பர் சரிவின் மேல்போர்வை எண் எவ்வளவு உயர்கிறது, படிமட்டம் வெட்டுவதும் இடையே பயறுக் கொடி படரவிடுவதும் அதை எவ்வளவு இறக்குகின்றன என்பதைத் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சரிவை வைத்தே போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருப்பது பெருக்கல் மட்டுமே என்பதால் இதை அவர்கள் திறந்து பார்க்கவும் முடியும். அந்தப் பகுதிப் பள்ளி ஒன்று என்னிடம் கேட்டால் இதையே முதலில் எடுக்கச் சொல்வேன்.

பெரிய மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கணக்கிடும் ஸ்வாட், பயிர் வளர்ச்சியை நாள்வாரியாக நடத்தும் டிஎஸ்எஸ்ஏடி, ஏப்சிம் ஆகியவை ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. மரமும் பயிரும் நீரையும் ஒளியையும் எப்படிப் பகிர்கின்றன என்று காட்டும் வனுல்காஸ், ஊடுபயிர் செறிந்த நம் மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமான கேள்வியைக் கேட்கிறது. ஆனால் அது ஸ்டெல்லா என்ற கட்டண மென்பொருளில் எழுதப்பட்டது. இவற்றை நம் மண்ணுக்கு ஏற்பச் சீர்செய்யவே மாதங்கள் ஆகும், அதுவரை கற்பவர் தரவு நிரப்புபவராகவே இருப்பார். முதுகலை ஆய்வுக்கு, நல்ல வழிகாட்டியின் கீழ், சரி. நெல் ஒன்றுக்கு மட்டும் நீர்–விளைச்சல் உறவைப் பார்க்க விரும்புவோருக்கு உலக உணவு, வேளாண் அமைப்பின் அக்வாகிராப் போதிய அளவு எளிது.

இனி நான் முன்னிறுத்தும் வழி. நெட்லோகோ என்ற மென்பொருளை நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் யூரி விலென்ஸ்கி 1999-இல் கற்பித்தலுக்காகவே உருவாக்கினார். இலவசம், இணையம் இல்லாத பழைய கணினியிலும் ஓடும். திரை சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாம் விதி எழுதலாம். இருபதுக்கு இருபது என்று 400 கட்டங்கள் எடுத்து, ஒரு கட்டத்தைப் பத்து சென்ட் என்று வைத்தால், நாற்பது ஏக்கர் ஏலா ஒன்று திரையில் வந்துவிடுகிறது. நெல், வாழை, தென்னை, வீடு என்று நான்கு நிறங்கள். மேலே மடை, கீழே கடைமடை. ஒரு கட்டத்தைச் சுற்றியுள்ள எட்டில் மூன்று நெல்லை விட்டுவிட்டால் அந்த வயலின் சாகுபடிச் செலவு கூடும் என்பது ஒரு விதி. வாய்க்கால் வரிசையில் வீடு வந்தால் அதற்குக் கீழுள்ள கட்டங்களுக்கு நீர் பாதியாகும் என்பது இன்னொரு விதி. செலவு வருமானத்தைத் தாண்டிவிட்டால் உடைமையாளர் அடுத்த நிறத்துக்கு மாறுவார். மூன்று என்ற எண்ணும் பாதி என்ற அளவும் வகுப்புக்காக நாம் வைத்துக்கொள்பவை. மாற்றிப் பார்ப்பதற்காகவே அவை இருக்கின்றன.

இப்படி அமைத்து ஓட்டினால், வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் வரை ஏலா பச்சையாகவே நிற்கும்; ஓர் அளவைக் கடந்ததும் சில சுற்றுகளுக்குள் நிறம் மாறிவிடும். அதே எண்ணிக்கை வீடுகளைக் கடைமடை ஓரத்தில் மட்டும் வைத்து ஓட்டினால் ஏலா பெரும்பாலும் தப்பும்; மடை அருகே வைத்தால் தப்பாது. எத்தனை வீடு என்பதோடு எந்த இடத்தில் வீடு என்பதும் சமமான கேள்வி என்று பதினைந்து வயதுப் பிள்ளை தானே கண்டுகொள்ளும் அந்த நிமிடத்துக்கு ஈடாக மற்ற மூன்று வழிகளிலும் எதையும் நான் காணவில்லை.

ஆனால் கணினியை முதலில் திறக்கக் கூடாது. பிரான்சின் சிராட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1990-கள் முதல் வளர்த்த துணைமாதிரி முறையில், மக்கள் முதலில் பலகை விளையாட்டாக ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் வெளிவந்த விதிகளே பின்னர் கணினிக்குள் எழுதப்படுகின்றன. பூட்டானில் லிம்புகா என்ற மேலூருக்கும் டொம்போலா என்ற கீழூருக்கும் நெல் நடவுக்கால நீர்ப் பங்கீட்டில் இருந்த பூசலில் இந்த முறை கையாளப்பட்டது. இரு ஊர் விவசாயிகளும் ஒரே மேசையில் அமர்ந்து, இடம் மாற்றி, மேலூரார் கீழூராராகவும் ஆடினர். மேல்மடையும் கடைமடையும் வாதாடுவது நமக்குப் புதிதன்று. அந்த வாதத்தை ஆட்டமாக அமைத்தால் இருதரப்பும் எதிர்த்தரப்பின் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க நேரும்.

நம் ஊரில் ஆடினால் நாம் எழுதாத விதிகள் வெளிவரும். வயல் ஒருவருடையது, பயிர் செய்பவர் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த இன்னொருவர் என்றால் முடிவு யாருடையது? உடைமையாளர் வெளிநாட்டில் இருந்தால் வரப்பு வெட்டுவது யார்? இவை எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாதவை.

இம்முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. விதியை எழுதியவர் நினைத்ததையே மாதிரி திருப்பிச் சொல்லும் ஆபத்து இதில்தான் மிக அதிகம். நெல்மீது பற்றுள்ள ஓர் ஆசிரியர், நெல் அழிந்தால் எல்லாம் அழியும் என்று காட்டும்படி விதிகளை அமைத்துவிட முடியும். அந்தப் பற்றில் எனக்கும் பங்குண்டு; ஆகவேதான் எதிர்த் தரப்பை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்கிறேன். மண்ணடித்து வீடு கட்டியவரையும், வாழை வைத்தவரையும், டிராக்டர் ஓட்டுபவரையும் அழைத்து விதிகளைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

தொடங்க விரும்புவோருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஊர்க் குளத்தின் நீர்க் கணக்கை விரிதாளில் எழுதலாம். அணை நீர்மட்டம் செய்தித்தாளில் அன்றாடம் வருகிறது, ஜூன் மாதத்தில் கன்னிப்பூவுக்கு அணை திறக்கும் சமயத்தில் தொடங்கினால் கணக்கும் நடப்பும் ஒன்றாகவே நகரும். அடுத்து, புல வரைபடத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டினால் அதுவே ஆட்டப் பலகை. சர்வே எண்ணும் எல்லையும் போதும். பட்டாதாரர் பெயர் பலகையில் வரக் கூடாது, வந்தால் அடுத்த நாளே ஊரில் மனவருத்தம் உண்டாகும். ஆட்டத்தில் கிடைத்த விதிகளை நெட்லோகோவில் எழுதும்போது பொத்தான்களின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விளைச்சல், செலவு எண்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. வரைபடத்தை இதற்குப் பிறகே திறக்க வேண்டும். அப்போது அது சாட்சியாகப் பயன்படும்.

கடைசிச் சோதனை அடங்கலில் இருக்கிறது. ஒவ்வொரு புல எண்ணிலும் ஒவ்வொரு போகத்திலும் என்ன பயிர் நின்றது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிவைக்கும் அந்தக் கணக்கிலிருந்து, பத்து ஆண்டுக்கு முந்தைய நிலையை மாதிரியின் தொடக்கமாக வைத்து இன்று வரை ஓட்ட வேண்டும். திரையில் வாழையாக நிற்கும் புலம் தரையில் இன்னும் நெல்லாக இருந்தால், அந்தப் புலத்துக்கு மாணவரை அனுப்பி ஏன் என்று கேட்டுவரச் செய்ய வேண்டும். கோவில் நிலமாக இருக்கலாம். தனி மடை இருக்கலாம். நெல்லை விட மனமில்லாத முதியவர் ஒருவர் இருக்கலாம். காரணம் தெரிந்தபின் அதை விதியாக எழுதி, மாதிரியை மறுபடி பத்து ஆண்டு பின்னோக்கி வைத்து ஓட்டலாம்.